உங்கள் இதயம் எப்படி வேலை செய்கிறது?

இதயம் உங்கள் கைமுட்டி அளவுதான். அதில் நான்கு அறைகள் உள்ளன. உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயு பெற்று வரும் இரத்தத்தை இடப்பக்கம் உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. கடினமான வேலை இடப்பக்கத்துக்குத்தான். அதனால் அதன் சுவர் தடிமனானது. இரத்தம் பின்னோக்கி ஓடாமல் வால்வுகள் தடுக்கின்றன.

இவ்வளவு இரத்தத்தை இறைக்கும் இதயம், தனக்கு வேண்டியதை அதன் மேற்புறத்தில் ஓடும் சிறிய இரத்தக் குழாய்கள் வழியாகவே பெறுகிறது. அவற்றில் ஒன்று அடைபட்டால் மாரடைப்பு ஏற்படும். அப்போது நெஞ்சு கட்டாயம் வலிக்கும் என்று நினைக்காதீர்கள். முதியோருக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் சில சமயம் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, திடீர்ச் சோர்வு மட்டுமே தெரியும். வாயுத் தொல்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்; உடனே 995 எண்ணை அழையுங்கள்.