பந்து ஏன் மேலேயே எழும்புகிறது?

கேள்வி: 12 வயது மகள் பள்ளி அணியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். பலமாகத்தான் பேட்டைச் சுழற்றுகிறாள். பந்தோ மேலே எழும்பி கேட்ச் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பேட்டின் எடையைக் கவனியுங்கள். ஒரு கையால் நேராக நீட்டிப் பிடித்ததும் நுனி தாழ்ந்தால், அது அவளுக்குக் கனம். கனமான பேட்டைச் சுழற்றும்போது பின்தோள் இறங்கும். அடி பந்தின் கீழ்ப்பாகத்தில் படும்.

அடுத்தது உடல் அசைவுகளின் வரிசை. முன்கால் ஊன்றியதும் இடுப்பு திரும்ப வேண்டும். அதன் பிறகே கைகள். தொடக்கத்திலேயே கைகளை நீட்டினால் பேட் சுற்றி வந்து தாமதமாகும். முழங்கை உடலை ஒட்டியே வரட்டும்.

பயிற்சிக்கு, இடுப்பு உயர டீயில் (பந்தைத் தாங்கும் கம்பத்தில்), முன்காலுக்கு நேராகப் பந்தை வைத்து, எதிரே கட்டிய வலையில் அடிக்கச் சொல்லுங்கள். பந்து நேராகப் பாய்ந்தால் சரி. வலையின் மேல்விளிம்புக்கு ஏறினால் தோளைத் திருத்துங்கள். வேகத்தை அப்புறம் கூட்டலாம்.