பருப்பு வேகாத உயரம்

தம்பி,

நம் ஊர்த் தமிழ் மலரில் வந்த உன் விட்னி மலைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கோபத்தில். 14,505 அடி உச்சியில் நின்றதற்கு ஒன்பது பத்தி, ஏறும் வழியில் டிரெயில் கேம்ப்பில் கழித்த இரண்டு இரவுகளுக்கு ஒரே வரி: “இரண்டு நாள் சும்மா கிடந்தோம்.” 12,000 அடியில் யாரப்பா சும்மா கிடக்கிறார்கள்?

ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்ததை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டாய். உன் கட்டுரையின் கதாநாயகன் அந்தச் சிறுநீரகம்தான். மேலே போனதும் மூச்சு வேகமாகிறது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தில் காரம் ஏறுகிறது. உடனே மூளை மூச்சைக் குறைக்கச் சொல்கிறது. ஆக்ஸிஜனும் வேண்டும், மூச்சுக்கும் தடை. இந்த இழுபறி தீர, சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளியாக வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு நாள். சிவப்பணு பெருகித்தான் தேறினேன் என்று எழுதியிருக்கிறாய். அது பெருக வாரக்கணக்காகும்.

“மேலே காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைவு” என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பல் கூசியது. நம் ஊர் ஃப்ரீமான்ட்டிலும் எவரெஸ்டிலும் அது 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். அடுத்த பத்தியிலேயே பருப்பு வேகவில்லை என்று புலம்புகிறாய். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு எப்படி வேகும்? அது வேகாததற்கும் உனக்கு மூச்சு வாங்கியதற்கும் காரணம் ஒன்றுதான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டாயே!

மிஷன் பீக்கை இருபது தடவை ஏறி உயரத்துக்குப் பழகினாயாம். 2,517 அடி! அது தொடைக்கு நல்லது, அவ்வளவுதான். இங்கே வார இறுதி மலையேறிகளிடம் நான் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். மாரத்தான் ஓடுகிறவனையும் மலைநோய் விட்டுவைக்காது. 1962 சீனப் போரில் சமவெளிச் சிப்பாய்களை அவசரமாக இமயத்துக்கு ஏற்றினார்கள். எல்லாரும் திடமான பையன்கள். உயரம் அவர்களையும் படுக்கப் போட்டது. டாக்டர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1,925 வீரர்களைப் பற்றி 1969இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இப்போது லே நகரில் வந்திறங்கும் சிப்பாய் ஆறு நாள் அங்கே இருந்து பழகியாக வேண்டும்; முதல் இரண்டு நாள் ஓய்வு. ராணுவம் அதைச் சும்மா கிடப்பது என்று சொல்வதில்லை.

பழகாமல் ஏறினால் என்ன ஆகும் என்று நானே பார்த்திருக்கிறேன். 1997 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்த கையோடு மூன்று பேர் பழைய கொரோலாவில் கிளம்பினோம். டயோகா கணவாய் தாண்டி லோன் பைன் போய்ச் சேர நள்ளிரவு. விட்னி ஏற்றம் தொடங்கும் போர்ட்டலில் காருக்குள்ளேயே மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு இருட்டில் ஏறத் தொடங்கினோம். டிரெயில் கேம்ப்புக்கு மேலே வரும் தொண்ணூற்றொன்பது வளைவுகளின் நடுவே நண்பன் குடித்தவன்போலத் தள்ளாடினான். பாறையில் உட்கார்ந்து, “29சி போயிருச்சாடா?” என்று கேட்டான். அடையாறில் பஸ்ஸுக்கு நிற்கிறானாம். எனக்கு உயிரே இல்லை. இருவரும் தாங்கிப் பிடித்து இறக்கினோம். இறங்க இறங்கப் பேச்சு தெளிந்தது. சாயங்காலம் லோன் பைனில் பெட்ரோல் காசுக்குச் சண்டை போட்டான். அப்புறம் மலைப் பக்கமே அவன் வரவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். கூடாரத்தில் பக்கத்தில் படுத்தவனின் மூச்சு நின்று நின்று வர, நீ இருட்டில் விரல்விட்டு எண்ணிக்கொண்டு கிடந்தாயே, “பதினொன்றில் அவன் திரும்பி வந்தான்” என்று. மலையைப் பற்றி முப்பது வருஷமாக எழுதுகிற எனக்கு அப்படி ஒரு வரி அமைந்ததில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது.

செப்டம்பரில் மறுபடி போவதாகக் கேள்வி. என் சின்ன பிரஷர் குக்கர் கராஜில் சும்மாதான் கிடக்கிறது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. கேஸ்கெட் மட்டும் புதிதாக வாங்கிப் போடவேண்டும்.