இரண்டு பேர் பேரில் வீடு: கணவருக்குப் பின் யாருக்கு?



போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டாங்க: "பத்திரத்துல அவர் பேரும் என் பேரும் இருக்குதுங்க. அவர் போயிட்டார். இனி வீடு எனக்குத்தானுங்களே?"

நம்மில் பல பேர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால் அவர் பங்கு மனைவி, மகன், மகள், கணவரின் தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். கட்டிக்கொடுத்த மகளுக்கும் உண்டு. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.)

கணக்குப் போடுவோம். வீட்டுமனை 8 சென்ட், ஆளுக்குப் பாதி. உங்கள் 4 சென்ட் உங்களுக்கே. அவருடைய 4 சென்ட்டுக்கு நீங்கள், மகன், மகள், மாமியார் என 4 வாரிசு. ஆளுக்கு 1 சென்ட். ஆக உங்களுக்கு 5 சென்ட்தான்.

முழுதும் உங்கள் பேருக்கு மாற:

1. இறப்புச் சான்று வாங்குங்கள்.
2. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். தாசில்தார் தருவார்.
3. மற்ற வாரிசுகள் விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து போதாது. 18 வயது ஆகாத பிள்ளையின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.
4. பிறகு பட்டா மாறுதல்.

கணவர் இருக்கும்போதே தன் பங்கை உங்களுக்கு உயில் எழுதலாம். 2 சாட்சி கையெழுத்து கட்டாயம். நீங்களும் அவருக்கு எழுதுங்கள். அபசகுனம்னு தள்ளிப் போடாதீங்க.

சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச உதவி உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு: உங்க வீட்டுப் பத்திரத்தில் யார் பேர் இருக்குது? பார்த்துட்டு வாங்க.