உப்புக் கரைத்த குளம்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு மோட்டார் தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை வண்டலூருக்கு அழைத்துப் போனால், “டால்பின் எங்கே?” என்று கேட்கிறார்கள். டால்பின் குளத்தை முதலில் யார், எதற்காகக் கட்டினார்கள்? கடலில்லாத ஊரில் அந்தத் தண்ணீரை எப்படிப் பராமரிக்கிறார்கள்? வண்டலூரில் ஏன் இல்லை?
— ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: சிங்கத்தையும் கரடியையும் அடைத்து வைத்துப் பார்த்து மகிழும் வழக்கம் அரசர்கள் காலத்தது, ஆனால் திமிங்கில இனத்துப் பிராணியைக் கட்டிடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் துணிச்சல், நாம் அறிந்தவரையில், 1861-ல் நியூயார்க்கில் பொருட்காட்சி நடத்திப் பெரும்பொருள் ஈட்டிய பார்னம் என்பவருக்கு உண்டாயிற்று. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதியில் பிடித்த வெள்ளைத் திமிங்கிலங்களைத் தமது காட்சிசாலைத் தொட்டியில் அவர் விட, அவை சில தினங்களிலேயே மாண்டன. மனிதர் சளைக்காமல் வேறு சிலவற்றைத் தருவித்து, கடல்நீருக்கும் குழாய் போட்டார்.

இன்று நாம் டால்பின் குளம் என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு மூலம், 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் பிளாரிடா கடற்கரையில் திறக்கப்பட்ட ‘மரைன் ஸ்டுடியோஸ்’. பெயரிலேயே உள்ளபடி, அது சினிமாக்காரர்கள் நீருக்கடியில் படம் பிடிப்பதற்கென்று எழுப்பிய ஸ்தாபனம். பெருந்தொட்டிகளின் சுவரில் வரிசையாக வைத்த கண்ணாடிச் சாளரங்கள் முதலில் காமிராவுக்காகவே அமைந்தவை, கட்டணம் செலுத்திய ஜனங்களும் அவற்றில் முகம் பதித்தார்கள். அதை நிறுவியவர்களுள் ஒருவர் ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் பேரரான இல்யா டால்ஸ்டாய். ஜீவகாருண்யத்தை உபதேசித்து மரக்கறி உண்டு வாழ்ந்த பாட்டனாரின் வமிசத்தில் இப்படியொரு தொழில் தழைத்தது விசித்திரந்தான். பிராணிக்கு எது வேண்டும் என்பதைவிடப் பார்ப்பவருக்கு எது தெரிய வேண்டும் என்பதே அந்தக் கட்டிடத்தை வகுத்தது என்பதும், பிற்காலத்துக் குளங்களில் பெரும்பாலானவை அந்தப் பிறவிக் குணத்தை விடவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

அத்தொட்டிகளுக்கு அட்லாண்டிக் சமுத்திரம் பக்கத்திலேயே இருந்தது. இறைத்து விட்டால் போதும். கடலில்லாத சிகாகோவில், புரூக்பீல்டு மிருகக்காட்சிசாலை 1961-ல் டால்பின் மண்டபம் திறந்தபோதுதான் தங்கள் துறையைச் சேர்ந்த சங்கடம் எழுந்தது. உள்நாட்டுக் குளங்களில் நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்தே கடலை உண்டாக்குகிறார்கள். லிட்டருக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் லிட்டர் கொள்ளும் குளத்துக்கு 30 டன், அதாவது கேளம்பாக்கத்து உப்பளத்திலிருந்து பத்து டன் லாரிகள் மூன்று நிறைய வரவேண்டும். மீனாக இருந்தால் இந்த வெறும் உப்புநீர் போதாது. டால்பினோ நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பதாகையால், நீரில் கரைந்த பிராணவாயுவைப் பற்றிய கவலை அதற்கில்லை, கிருமி நீக்கக் குளோரினும் அளவாகக் கலக்கலாம். அளவு மிஞ்சினால் கண் எரியும், தோல் கெடும். நாளொன்றுக்குப் பல கிலோ மீன் தின்னும் உடம்பின் கழிவு முழுவதும் அதே நீரில் சேருவதால், மணல் பில்டர், ஓசோன், முறை தவறாத பேக்வாஷ் என்று அடுத்தடுத்து வைக்கிறார்கள். பம்பு அறைக்குள் தங்களை அழைத்துப் போனால், ஷிப்டுக்கு வந்ததாகவே தாங்கள் எண்ணக்கூடும்.

பார்வையாளர் காண்பது ஆட்டத்துக்கான பெரிய குளத்தை மட்டுமே. அதன் பின்னால் கதவு வைத்த கால்வாயால் இணைத்த சிறு குளங்களும், நீரை வடித்தோ தளத்தையே உயர்த்தியோ பிராணியைக் கிடத்தி ஊசி போடுவதற்கான சிகிச்சைக் குளமும் இருக்கும். அமெரிக்கச் சட்டம் இவ்வினத்துக்கு வற்புறுத்தும் குறைந்தபட்ச அளவு குறுக்கே 24 அடி, ஆழம் 6 அடி. வளர்ந்த டால்பின் ஒன்றே பெரும்பாலும் எட்டடிக்குக் குறையாமல் நீண்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஆறடியைச் சட்டமாக எழுதியவர் கையை என்ன சொல்வது!

வண்டலூருக்கு வருகிறேன். 1855-ல் மருத்துவர் எட்வர்டு பால்பர் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்க, 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்கா அது; கம்பிக் கூண்டை நீக்கி அகழி வைக்கும் முறையை, ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஹாகன்பெக் 1907-ல் காட்டிய வழியில் மேற்கொண்டது. ஓங்கில் என்று தமிழில் சொல்லும் டால்பினுக்கு அங்கே இடம் வைக்கவில்லை. அந்த முயற்சி தனியார் கையில்தான் நடந்தது. 1990-களின் இறுதியில், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்த ‘டால்பின் சிட்டி’ என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்கு, பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் தருவிக்கப்பட்டன. சமுத்திரம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஆறு மாதத்துக்குள் அவை அனைத்தும் இறந்துபோயின.

அதற்குப் பின்னரும் கொச்சி முதலிய இடங்களில் புதிய டால்பின் காட்சிசாலைகளுக்கு யோசனை பிறந்து, எதிர்ப்பும் வலுக்கவே, 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு, இத்தகைய நிலையம் எதற்கும் அனுமதி அளிக்கலாகாது என்று மாநிலங்களுக்கு அறிவித்தது. இவ்வினம் சிறையில் நன்கு ஜீவிப்பதில்லை என்பதோடு, அதன் புத்தி நுட்பத்தைக் கருதி அதை மனிதரல்லாத ஒரு நபராகவே மதிக்க வேண்டும் என்ற விஞ்ஞானிகளின் அபிப்பிராயத்தையும் அந்த அறிவிப்பு எடுத்துக் கூறியிருந்தது. ஆகவே வண்டலூரில் இடமும் பணமும் இருந்தாலும் அனுமதி கிடையாது. பிள்ளைகளின் ஆசைக்கு மன்னார் வளைகுடா இருக்கிறது; அங்கே ஓங்கில் கூட்டத்தைப் படகிலிருந்து கண்டவர்கள் பலர், ஆனால் இத்தனை மணிக்கு ஆட்டம் என்று டிக்கெட்டில் அச்சடித்துக் கொடுக்க எவராலும் ஆகாது.