யோசெப் இஸ்ராயல்ஸ்: எளியோர் துயரை எழுதிய தூரிகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் பெரிய அளவிலான ஓவியங்கள் பெரும்பாலும் மன்னர்க்கும் மாவீரர்க்குமே உரியனவாகக் கருதப்பட்டன. ஏழைகளின் அன்றாட வாழ்வை வரைந்தோர் அதனைச் சிறிய படங்களிலேயே அடக்கினர். இவ்வழக்கத்தை மாற்றியவர்களுள் ஒருவர் ஒல்லாந்து ஓவியர் யோசெப் இஸ்ராயல்ஸ்.

இவர் 1824ஆம் ஆண்டு குரோனிங்கன் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஆம்ஸ்டர்டாமிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றார். தொடக்கத்தில் வரலாற்றுக் காட்சிகளையே தீட்டினார். 1855இல் உடல்நலம் தேடி சான்ட்வோர்ட் என்னும் கடற்கரைக் கிராமத்திற்குச் சென்று தங்கினார். அங்கே மீனவரின் வாழ்வை அருகிருந்து கண்டார். அதன்பின் அவரது தூரிகை திசை மாறியது.

அடுத்த ஆண்டே ‘தாயின் கல்லறையைக் கடந்து’ என்ற ஓவியம் பிறந்தது. மனைவியை இழந்த மீனவர் ஒருவர், ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, மற்றப் பிள்ளையின் கையைப் பற்றியபடி நடந்து செல்கிறார். கல்லறையருகே நின்று அழும் காட்சியை இஸ்ராயல்ஸ் வரையவில்லை. அதைக் கடந்து செல்லும் காட்சியையே வரைந்தார். நின்று அழவும் நேரமற்றது ஏழையின் வாழ்வு. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். தந்தை நடந்தேயாக வேண்டும். அரசர்க்கு ஒதுக்கப்பட்டிருந்த பேரளவில் இந்த எளிய தந்தையை அவர் நிறுத்தினார் என்பதே இவ்வோவியத்தின் புதுமை.

கடலில் மூழ்கி இறந்த ஒருவரின் உடலை மீனவர் சுமந்து வரும் காட்சியை 1861இல் தீட்டினார். சுமப்போருடன் ஒரு பெண்ணும் பிள்ளைகளும் நடக்கின்றனர். உணவு தரும் கடலே உயிரையும் பறிக்கும் என்பதைச் சாம்பல் நிற வானம் சொல்லாமற் சொல்கிறது. இவ்வோவியம் இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

1871இல் ஹேக் நகரிற் குடியேறிய இவர், ‘ஹேக் ஓவியக் குழு’ எனப்படும் கலைஞரின் முதல்வராக மதிக்கப்பட்டார். உணவு மேசையைச் சூழ்ந்திருக்கும் உழவர் குடும்பத்தை இவர் வரைந்த ஓவியம் இளம் வான்கோவின் மனத்தைக் கவர்ந்தது. 1885இல் வான்கோ தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்திற்கு அது தூண்டுகோலாயிற்று. இஸ்ராயல்சின் மகன் ஐசக்கும் புகழ்பெற்ற ஓவியரானார். 1911இல் இஸ்ராயல்ஸ் காலமானார்.

கண்ணீரைக் காட்டாமலே துயரத்தை உணர்த்தலாம் என்பது இவரிடம் நாம் கற்கும் பாடம். கதையோ கவிதையோ எழுத முனையும் மாணவியர்க்கும் இது பொருந்தும். பெரிய மனிதரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அன்றாடம் நம்மைக் கடந்து செல்வோரை நின்று நோக்கினாற் போதும்.