துபாயில் விட்டுக்கொடுத்த இருக்கை

கேள்வி: 2025 துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் சொந்த அணியின் காரையே ஓட்டாமல் நடிகர் அஜித் குமார் விலகியது தோல்விதானே?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இல்லவே இல்லை. ஜனவரி 7 அன்று பயிற்சியில் அவருடைய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. காயமின்றித் தப்பியதே பெரிது! இரவு பகலாக ஓட்டுநர்கள் மாறிமாறி ஓட்டும் பந்தயம் அது. ஒருவர் தடுமாறினால் மொத்த அணியும் வெளியேற நேரிடும். 2010இல் ஃபார்முலா 2 வரை ஓட்டியவருக்கு இது தெரியாதா? அணிக்காக இருக்கையை விட்டுக்கொடுத்தார். அந்த அணி போர்ஷே 992 கார்களுக்கான பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அவரோ அதே பந்தயத்தில் ஜிடி4 பிரிவில் வேறு கார் ஓட்டினார். அந்த நிதானத்தைக் கோப்பைக்கும் மேலாக மதிக்கிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேக ஆசை இருந்தால், கடலூர்ச் சாலையில் வேண்டாம்; இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு அனுப்புங்கள்.