தோழமையும் அதன் எல்லையும்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குச் சுரம் கண்டால் தாய் அறிந்துகொள்வாள். மனத்தில் துயர் புகுந்தாலோ, பெரும்பாலும் முதலில் அறிபவன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழனே. தேர்வச்சம், வீட்டுப் பூசல், பிறர் செய்யும் ஏளனம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கூற நாணும் சிறுவன், தன்னொத்த வயதினனிடம் கூறிவிடுவான். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே மாணவர்க்கு மாணவர் துணைநிற்கும் திட்டம்.

இஃது எளிதில் ஒதுக்கத்தக்க செய்தியன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

2014இல் நடுவணரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம், இளைஞரையே பயிற்றி அவர்தம் வயதினர்க்கு வழிகாட்டச் செய்தது. அதன் ஆறு நோக்கங்களுள் மனநலமும் ஒன்று.

பீகாரில், பண்டைய மகாவிகாரம் விளங்கிய நாளந்தா மாவட்டத்தில், 74 உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ‘சேஹர்’ என்னும் அம்முயற்சியின் முடிவுகள் 2018இல் வெளியாயின. மாணவர் சிறு குழுக்களாகக் கூடினர், சுவரிதழ் எழுதினர், வாய்விட்டுச் சொல்லவியலாதவற்றை எழுதிப் பெட்டியிலிட்டனர். சில பள்ளிகளில் இப்பணியை ஆசிரியர் நடத்தினர். வேறு சிலவற்றில், மருத்துவரல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒருவர் நடத்தினார். அவருக்கு ‘மித்ரா’, அதாவது நண்பர், என்று பெயர். எட்டு மாதங்களுக்குப்பின் ஆராய்ந்தபோது, மித்ரா பணியாற்றிய பள்ளிகளில் மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்தலும் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. மதிப்பெண்ணும் தண்டனையும் வழங்கும் கையினிடம் மனத்தைத் திறந்து காட்டுவது அரிது போலும்!

ஆயினும் தோழமைக்கு எல்லையுண்டு. தோழன் மருத்துவன் அல்லன். அவன் கடமை மூன்றே: இடைமறியாது கேட்டல், துயருற்றவனைத் தனியே விடாதிருத்தல், நம்பத்தக்க பெரியவரிடம் உடன் அழைத்துச் செல்லுதல்.

“யாரிடமும் சொல்லாதே” என்று நண்பன் வேண்டினால் என் செய்வது? பிற செய்திகளில் அவ்வாக்கைக் காத்தல் தகும். “இனி வாழ விரும்பவில்லை” என்று அவன் சொல்லிவிட்டாலோ, அம்மறைவைக் காத்தல் நட்பாகாது. அன்றே பெரியவரிடம் கூறிவிடல் வேண்டும். அதனால் நண்பன் சினங்கொள்ளலாம். சினம் தணியும், போன உயிர் மீளாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 இதற்கெனவே அமைந்தது.

கேட்பவனும் பதினைந்து வயதுச் சிறுவனே என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் மறத்தலாகாது. பிறர் துயரை அவன் தோளில் ஏற்றிவிட்டு நாம் விலகிநின்றால், ஒருவன் சுமை இருவர் சுமையாகப் பெருகுமேயன்றிக் குறையாது. அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் எந்நேரமும் நிற்றல் வேண்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. தோழனின் மூன்று கடமைகள் யாவை?
2. எந்த மறைவைக் காத்தல் கூடாது? ஏன்?
3. நம் இல்லத்துப் பிள்ளை தயங்காது அணுகத்தக்க பெரியவர் யார்? அவர் நாமாக இல்லையெனின், அதற்குக் காரணம் யாது?